போர் நாட்டில் வேலை, திருகோணமலையில் வீடு

2006 ஜூலை 12ஆம் திகதி லெபனானில் போர் மூண்டபோது அந்த நாட்டு வீடுகளில் சுமார் 80,000 இலங்கைப் பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் சிலர் பணிப்பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மலைப்பக்கம் ஓடிப்போனதை அப்போதே மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பெரும்பாலான பெண்களின் பாஸ்போட் வீட்டுக்காரரின் கையில். எப்படியோ வெளியே வந்து சேர்ந்தவர்களைச் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு பஸ்ஸில் சிரியாவுக்குக் கொண்டுபோய் டமஸ்கஸில் விமானம் ஏற்றியது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் திருகோணமலை மாவட்டத்து மூதூர்க்காரி என்று வைத்துக்கொள்வோம். அதே ஜூலையில்தான் இங்கே புலிகள் மாவிலாற்று நீர்ப்பாசனக் கதவை மூடினார்கள், அதோடு போர் மறுபடி மூண்டது. ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூர் பட்டினத்துக்குள்ளேயே சண்டை. சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் நடந்தது. 4ஆம் திகதி, பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெய்ரூட்டின் குண்டுச் சத்தத்துக்குத் தப்பி வந்த பெண் கட்டுநாயக்காவில் இறங்கித் தன் குடும்பத்தைத் தேட வேண்டிய இடம் அகதி முகாம்.

போர் நாடுகளில் வேலை செய்து திரும்பும் சிவிலியன்களின் உளநலம் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வந்தவை. அவற்றில் ஒரு கணக்கு எப்போதும் ஓடும்: ஆபத்து அங்கே, பாதுகாப்பு இங்கே. போனவர் திரும்பி வந்துவிட்டால் ஆபத்து முடிந்தது, இனி மிச்சம் இருப்பது ஞாபகம் மட்டும். திருகோணமலைக்கு அந்தக் கணக்கு சரிவராது. இங்கிருந்து போனவர்களில் நிறையப் பேர் போகும்போதே ஒரு போரைச் சுமந்துகொண்டு போனவர்கள். வந்து பார்த்தால் கடன் நிற்கும், சில வேளை இன்னொரு போரும் நிற்கும். ஆகவே ஒருவர் அங்கே என்ன பார்த்தார் என்பதோடு, இங்கே அவரை எது வரவேற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோயின் அளவு பிடிபடும் என்பது என் கணிப்பு.

2006 தனியாக நடந்த தற்செயல் என்று விட்டுவிடவும் முடியாது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே சுமார் ஒரு லட்சம் இலங்கையர் இருந்தார்கள். ஜோர்தான் எல்லையின் பாலைவன முகாம்களில் வெயிலில் காய்ந்து, வரிசையில் நின்று வந்து சேர்ந்தவர்கள் பலர். கிழக்கில் அந்த வருடம் ஜூனில் போர் மறுபடி தொடங்கியிருந்தது. அன்றும் திரும்பி வந்த ஊர் போர் நடக்கும் ஊர்தான்.

அதற்குப் பிறகு வேலைகளின் வகை மாறியது. 2003க்குப் பின் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கத் தளங்களுக்குச் சமைக்கவும், துணி துவைக்கவும், கழிவறை கழுவவும், லொறி ஓட்டவும் தெற்காசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். சில வருடங்களில் அந்தத் தளங்களில் சிப்பாய்களுக்குச் சமமாக, சில வேளை கூடவும், ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தார்கள். 2004இல் குவைத் கொம்பனி ஒன்றுக்காக லொறி ஓட்டிய இலங்கைச் சாரதி ஒருவரும் வங்காளதேசச் சாரதி ஒருவரும் ஈராக்கில் ஆயுதக் குழுவிடம் பிடிபட்டு, வாரக்கணக்கில் அடைபட்டிருந்து விடுதலையானார்கள். இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கப் போன இலங்கையர் இருவர் 2023 ஒக்டோபர் 7 தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். 2024 மார்ச் 6ஆம் திகதி ஏடன் வளைகுடாவில் ‘ட்ரூ கொன்பிடன்ஸ்’ கப்பல்மீது ஏவுகணை விழுந்து மூன்று பேர் இறந்தபோது அந்தக் கப்பலில் இரண்டு இலங்கைக் காவலர்கள் இருந்தார்கள்.

இவர்கள் யாரையும் ஊர் ‘போருக்குப் போனவர்’ என்று பார்ப்பதில்லை. வெளிநாடு போனவர், அவ்வளவுதான். கட்டாருக்குப் போனவரும் பக்தாத்துக்குப் போனவரும் ஒரே கணக்கில்தான்.

சரி, அந்த அமெரிக்கத் தளங்களில், அதாவது கெம்ப்பில், ஒரு சமையல்காரரின் நாள் எப்படி இருந்தது என்று பார்ப்போம். பன்னிரண்டு மணி நேர வேலை, வாரத்தில் ஏழு நாளும். நள்ளிரவுச் சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு நாலு வேளை பரிமாற வேண்டும். தூங்குவது கொன்டெய்னரில், சுற்றிவர ஆள் உயரத்துக்கு மேல் கொங்கிரீட் சுவர். பக்தாத்துக்கு வடக்கே இருந்த பலாத் விமானத் தளத்தில் மோட்டார் குண்டு அடிக்கடி விழுந்ததால் சிப்பாய்களே அதற்கு ‘மோட்டாரிட்டாவில்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். குண்டு வருவதை ரேடார் பிடித்ததும் ஒலிபெருக்கி “இன்கமிங், இன்கமிங், இன்கமிங்” என்று கத்தும். கையில் இருக்கும் கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் குப்புற விழ வேண்டும். விழுந்த இடத்தில் வெடிக்கும் அல்லது வெடிக்காது. பிறகு எழும்பி அதே அடுப்புக்குப் போக வேண்டும், ஏனென்றால் வரிசை நிற்கிறது. சிப்பாய்க்குத் தலைக்கவசமும் கவச உடையும் துப்பாக்கியும் இருக்கும். பயிற்சி இருக்கும். தன் அணியும், அணிக்கு ஒரு வைத்தியரும் இருப்பார்கள். சமையல்காரருக்கு இருப்பது மேற்பார்வையாளர் ஒருவர்தான், அவருக்கும் கவலை அடுத்த வேளைச் சாப்பாடு.

உடம்பு இதை மிக விரைவாகப் படித்துக்கொள்ளும். சத்தம் வந்தால் விழு, யோசிக்காதே. அந்த இடத்தில் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. பிரச்சினை என்னவென்றால், இடம் மாறியதும் அது தானாக அணைவதில்லை. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நம் வைத்தியர்கள் சொல்வதன் பெரும்பகுதி இதுதான்: நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, கனவில் வருவது, அதை ஞாபகப்படுத்தும் இடத்தையும் பேச்சையும் ஆளையும் தவிர்ப்பது, எப்போதும் உசார் நிலையில் இருப்பது, எதிலும் ஒட்டாமல் மனம் மரத்துப்போவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குழப்பினால்தான் நோய் என்று எடுப்பார்கள். சிலருக்கு ஆறு மாதம் கழித்தே முழுதாக வெளியே வரும். பயங்கரத்தைப் பார்த்த எல்லாருக்கும் இது வருவதுமில்லை. பெரும்பாலானோர் கொஞ்ச நாள் தடுமாறி, பிறகு தாமாகவே சரியாகிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கோபப்பட்டால் உடனே ‘மனநோய்’ என்று முத்திரை குத்துவதும் ஒரு தொல்லைதான்.

2013இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் போர்ப் பகுதிகளில் ஒப்பந்த வேலை பார்த்தவர்களிடம் நடத்திய கருத்துக் கணிப்பு இந்த விடயத்தில் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுவது. பதில் சொன்னவர்களில் நான்கில் ஒருவருக்கு மனவடு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. 18 வீதத்தினருக்கு மனச்சோர்வு. மனவடு அறிகுறி உள்ளவர்களில் முந்திய ஒரு வருடத்தில் சிகிச்சை பெற்றவர்கள் 28 வீதம் மட்டும். இன்னொரு விசயமும் அதில் உண்டு: எல்லா வகை வேலையிலும் மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் வாகனம் ஓட்டியவர்கள். துப்பாக்கி ஏந்திய காவலர்களைவிடச் சாரதிகளுக்கு அறிகுறி அதிகம். கெம்ப்புக்கு மதில் இருக்கிறது. குவைத் எல்லையிலிருந்து வடக்கே போகும் வீதிக்கு மதில் இல்லை. சாரதி வண்டியை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது, ஸ்டியரிங்கை விட்டுக் குனியவும் முடியாது.

ஆனால் அந்தக் கணிப்பில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களும் பிரித்தானியர்களும். மிகக் குறைந்த சம்பளத்துக்குப் போன நம் போன்ற நாட்டவர்கள் அதில் மிகச் சொற்பம். கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ அந்த எண்களை அப்படியே ஒட்டிப் பார்க்கக் கூடாது. அங்கே மதுப் பழக்கம் பெரிய அறிகுறியாக வருகிறது. இங்கே அதே உளைச்சல் பல வீடுகளில் வேறு உருவத்தில் வரும். கோபமாக வரலாம். நித்திரைக் குளிசையாக வரலாம். கடையைத் திறக்காமல் கட்டிலில் கிடப்பதாக வரலாம்.

வைத்தியசாலைக்கு வரும்போதுகூட யாரும் “எனக்கு மனவடு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சுக்குள் படபடப்பு, தலைக்குள் எரிவு, கை கால் விறைப்பு, வாயுத் தொல்லை என்றுதான் வருவார்கள். ஈசிஜி எடுப்பார்கள், நல்லாக இருக்கும். இரத்தம் பார்ப்பார்கள், அதுவும் சரி. விற்றமின் குளிசையோடு வீட்டுக்குப் போவார். கூட வந்த மனைவி கதவடியில் நின்று, “டொக்டர், இவர் இரவில நித்திரை கொள்றதே இல்ல, பிள்ளை கதவைச் சாத்தினாலும் துள்ளி எழும்புறார்” என்று சொன்னால் அதிர்ஷ்டம். அப்போதும், “எங்கே வேலை செய்தீங்க?” என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும். ‘வெளிநாடு’ என்ற பதிலோடு அது நின்றுவிடக் கூடாது. எந்த நாடு, எந்த வருடம், கெம்ப்பா வீடா வீதியா? மூன்று நிமிடம் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வரும் என்று வைத்தியர்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான்.

திருகோணமலையில் சத்தத்துக்கும் குறைவில்லை. திருவிழா வெடி, கல்யாண வெடி எல்லா ஊரிலும் உண்டு. இங்கே கூடுதலாகக் கடல் இருக்கிறது. சட்டத்துக்கு விரோதமாக டைனமைட் போட்டு மீன் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தூரத்தில் அடங்கிய ஒரு ‘டும்’, முதலில் கதவுக் கண்ணாடி அதிரும், பிறகுதான் காதுக்கு வரும். மீனவருக்கு அது எரிச்சல், கரைவலைக்காரருக்கு நட்டம். பலாத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு அது வேறு எதுவோ. அவர் தரையில் விழுந்துவிட்டு எழும்பும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் சிரித்தால், அடுத்த நாளிலிருந்து அவர் கடற்கரைக்கே வரமாட்டார். தவிர்ப்பது என்ற அறிகுறி இப்படித்தான் ஒரு வீட்டுக்குள் நுழைகிறது.

காசு விசயம் இதைவிடக் கனமானது. ஏஜென்சிக்குக் கொடுக்க நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போனவர் ஒப்பந்தம் முடியுமுன் பயந்து திரும்பினால் உயிர் தப்பியதற்காக யாரும் அவரைப் பாராட்டுவதில்லை. “ஏன் இடையில வந்தீங்க?” என்பதுதான் முதல் கேள்வி. முடித்துவிட்டு வந்தவருக்கோ அந்த நாட்டுச் சம்பளம் இங்கே எந்த வேலையிலும் கிடைக்காது. ஆகவே மறுபடியும் போக வேண்டும். போவதென்றால் மெடிக்கல் பாஸாக வேண்டும். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் மனநோயும் தகுதி இழக்கச் செய்யும் காரணங்களில் ஒன்று. கிளினிக் கொப்பியில் பெயர் பதிந்தால் அடுத்த விசா போய்விடும் என்ற பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ‘வெட்கத்தால் மறைக்கிறார்கள், அறியாமையால் மறைக்கிறார்கள்’ என்று கருத்தரங்குகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பலர் கணக்குப் பார்த்துத்தான் மறைக்கிறார்கள்.

பெண்களுக்கு இன்னொரு சுமை. பெய்ரூட்டில் பூட்டிய வீட்டுக்குள் எட்டு நாள் இருந்தேன் என்று ஒரு பெண் வாய் திறந்தால், பூட்டியவன் யார், வேறு என்ன நடந்தது என்று ஊர் கேட்கும். பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மூன்று வயதில் விட்டுப்போன பிள்ளை இப்போது உம்மாவிடம் வராமல் பெரியம்மாவிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரு இழப்புத்தான், எந்த அறிகுறிப் பட்டியலிலும் இல்லாத இழப்பு.

இத்தனை அடுக்கு இருக்கும்போது ‘உங்களுக்கு நடந்த அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கும் சிகிச்சை தடுமாறும். எந்தச் சம்பவம்? 1990ஆ, 2004 சுனாமியா, 2006ஆ, அங்கே வீதியில் முன்னால் போன லொறி எரிந்ததா? ஒருவர் அனுபவித்த பயங்கரங்களின் வகை கூடக்கூட மனவடு நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்பது போர் கண்ட பல நாடுகளில் கண்டறியப்பட்டது. இதை மனதில் வைத்து உருவான ஒரு முறைதான் கதைகூறல் வெளிப்பாட்டுச் சிகிச்சை. ஒரு கயிற்றைத் தரையில் விரிப்பார்கள், அது அந்த ஆளின் ஆயுள். பிறந்ததிலிருந்து தொடங்கி, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பெரிய கெட்டதுக்குப் பெரிய கல். அதன் பிறகு ஒவ்வொரு கல்லிடமும் வந்து, எங்கே நின்றீர்கள், என்ன மணத்தது, உடம்பு என்ன செய்தது, பிறகு என்ன ஆனது என்று முன்பின் வரிசையோடு சொல்ல வைப்பார்கள். சொன்னதை எழுதி அடுத்த தடவை வாசித்துக் காட்டுவார்கள். கடைசியில் முழுக் கதையும் எழுத்தில் அவர் கைக்கே போகும். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் சிறுவர்களுக்கு இதைச் செய்து பார்த்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இதையும் தியான ஓய்வுப் பயிற்சியையும் ஒப்பிட்டதில் இரண்டுமே நல்ல பலன் தந்தன. சிகிச்சை கொடுத்தவர்கள் உள்ளூரில் பயிற்றப்பட்டவர்கள்.

மருந்தும் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சேர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் மனவடு நோய்க்கும் பயன்படும், பலன் தெரியச் சில வாரம் எடுக்கும். டயஸபாம் வகை நித்திரைக் குளிசையை அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டல். பார்மஸியில் ‘நித்திரைக்கு ஒன்று’ என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதேபோல, எல்லாரையும் ஒரே நாளில் உட்கார வைத்து நடந்ததைக் கொட்டச் சொல்லி அனுப்பிவிடும் ஒருநாள் ‘மனம் திறத்தல்’ அமர்வுகளால் நோய் தடுக்கப்படுவதில்லை என்றும் தெரிந்துவிட்டது. சுனாமிக்குப் பின் நம் கரையோரத்துக்கு வந்த சில குழுக்கள் இதைத்தான் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போயின. ஓதிப் பார்ப்பதையும் நூல் கட்டுவதையும் கோயிலில் நேர்த்தி வைப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். குடும்பம் கூடி ஒருவருக்காக நேரம் ஒதுக்கும் சந்தர்ப்பம் அது. கிளினிக்கை நிறுத்தச் சொல்லாதவரை இரண்டும் சேர்ந்தே போகலாம்.

அங்கொடை மனநல வைத்தியசாலையை விட்டு உளநலச் சேவை மாவட்டங்களுக்குப் பரவியதில் சுனாமிக்கும் 2005 உளநலக் கொள்கைக்கும் பெரிய பங்கு உண்டு. திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அதே செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள், ஒரு பெண் வெளிநாடு போகுமுன் கேட்கப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை தயாரானது அவர்கள் கையால்தான். போகும்போது அத்தனை கேள்வி. திரும்பி வந்ததும் அதே மேசையில் உட்கார்ந்து, “எந்த நாட்டில இருந்து வாறீங்க, அங்க சண்டை நடந்த நேரம் எங்க இருந்தீங்க?” என்று ஒரு கேள்வி, தேவைப்பட்டால் பக்கத்து மேசைக்கு ஒரு துண்டு. இதற்குப் புதுக் கட்டிடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. மீள்வருகைக்கான துணைக் கொள்கை ஒன்றும் 2015இலேயே வந்துவிட்டது.

நட்டஈடு பற்றி நம் பக்கத்தில் அநேகருக்குத் தெரியாத இரண்டு விடயங்கள். குவைத் ஆக்கிரமிப்பால் நட்டப்பட்டவர்களுக்காக 1991இல் ஐ.நா. இழப்பீட்டு ஆணையம் அமைக்கப்பட்டது, அங்கிருந்து ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது என்று காட்டிய தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்ற நிலையான தொகை கிடைத்தது. காசை ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து எடுத்தார்கள், 2022இல்தான் முழுக் கணக்கும் முடிந்தது. இதன் இன்னொரு பிரிவில் ‘மன வேதனை’ தனி இழப்பாகவே கணிக்கப்பட்டது. பிணையாகப் பிடிக்கப்பட்டது மட்டுமல்ல, பிடிபடுவோம் என்ற நியாயமான பயத்தில் நாட்கணக்கில் ஒளிந்திருந்ததும் அதில் அடங்கும். பூட்டிய வீட்டுக்குள் இருந்த பெய்ரூட் பெண்ணுக்கு அப்படி ஓர் ஆணையம் வரவில்லை. கடலோடிகளின் நிலை இவர்களைவிடப் பரவாயில்லை. சர்வதேசத் தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள கப்பல்களில், போர் அபாயப் பகுதிக்குள் போக மறுத்துக் கொம்பனி செலவிலேயே வீடு திரும்பும் உரிமை மாலுமிக்கு இருக்கிறது. லொறிச் சாரதிக்கும் சமையல்காரருக்கும் அந்தப் பேரம் கிடைத்ததே இல்லை.

அமெரிக்கத் தளங்களில் வேலை செய்தவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, 1941ஆம் ஆண்டின் பாதுகாப்புத் தளச் சட்டம். அமெரிக்கப் படைக்காக வெளிநாட்டில் ஒப்பந்த வேலை செய்பவருக்குக் கொம்பனி காப்புறுதி போட வேண்டும், உப ஒப்பந்தக் கொம்பனியாக இருந்தாலும், தொழிலாளி எந்த நாட்டவராக இருந்தாலும். வேலையால் வந்த மனவடு நோயும் மனச்சோர்வும் இதில் உள்ளடங்கும். விண்ணப்பம் அமெரிக்கத் தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும். பொதுவான கால எல்லை ஒரு வருடம், தொழில்சார் நோய் என்றால் இரண்டு. ஆனால் தன் நோய்க்கும் அந்த வேலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்துதான் அந்தக் காலம் ஓடத் தொடங்குகிறது. பத்து வருடம் கழித்து ஒரு வைத்தியர் முதல் முறையாக அந்தத் தொடர்பைச் சொன்னாலும் வாதாட இடமுண்டு, கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

அதனால் பழைய பெட்டியைக் கிளறும்போது கெம்ப் அடையாள அட்டை, ஒப்பந்தத் தாள், சம்பளத் துண்டு, முத்திரை குத்திய பழைய பாஸ்போட் எதுவும் அகப்பட்டால் எறியக் கூடாது. கொம்பனியின் பெயர் மறந்துபோனால் கூட வேலை செய்தவர்களைப் பிடித்துக் கேட்கலாம், அவர்களே சாட்சிகளும் ஆவார்கள். கிளினிக்கில் வைத்தியர் கேட்காவிட்டாலும், “நான் ஈராக்கில இத்தனையாம் வருடம் லொறி ஓடினனான், அதையும் கொப்பியில எழுதுங்க டொக்டர்” என்று தானே சொல்ல வேண்டும். அப்படி எழுதப்படும் ஒரு வரியைக் கொண்டுதான் அடுத்த வைத்தியர் சிகிச்சையைத் தொடங்குவார், நட்டஈட்டு வழக்கிலும் திகதியோடு முதலில் காட்ட வேண்டியது அந்த வரியைத்தான்.